தாமல் வரைக்கும் ஒரு ஜெபம்

ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டு நான் "தாமல், தாமல்" என்று கத்தினதாகக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பேச்சாகிவிட்டது. கத்தினது உண்மை. மயக்க மருந்தில் உளறினேன் என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அதுதான் பொய். எனக்கு மயக்க மருந்தே கொடுக்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கும்போது, கழுத்தைக் கீறி வைத்திருந்த நிலையில், தெரிந்தே கத்தினேன். ஏன் கத்தினேன், யாரிடம் கத்தினேன் என்பதை நானே எழுதிவிட்டால் ஊர்வாய்க்கு வேலை மிச்சம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பயந்துகொண்டு படுத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் அவருக்கும் கொஞ்சம் தெம்பு வரும்.

என் பெயர் ஞானமுத்து. செவிலிமேட்டிலிருந்து ஊருக்குள் வந்து, அங்கிருந்து மேற்கே தாமல் வரை போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விசில் ஊதுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். பின்வாசலில் நின்று "ரைட்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், முகூர்த்த நாள் கூட்டத்திலும் டிரைவருக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அதே குரல் சபைக்கு. நோயாளி வீடு, புதுவீடு, கல்யாண வீடு எதுவானாலும் ஜெபிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு வருத்தப்படுவார்கள். நாட்டை ஆளுகிறவர்களில் ஆரம்பித்து, அநாதைகள், விதவைகள், சிறையில் இருப்பவர்கள் என்று போய், கப்பலில் பயணம் செய்கிறவர்கள் வரைக்கும் ஒருவரையும் விடமாட்டேன். காஞ்சிபுரத்தில் கப்பல் ஏது என்று கேட்காதீர்கள். கிறிஸ்மஸ் விருந்தில், "ஞானமுத்து அண்ணன் கண்ணை மூடினா பிரியாணி ஆறிடும், வேற யாரையாவது ஜெபிக்கச் சொல்லுங்கப்பா" என்று இளவட்டங்கள் என் காதுபடவே சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

வீட்டிலும் ஜெபம் என் பொறுப்புதான். என் மனைவி சாரா, தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். நான் ஜெபிப்பேன், அவள் ஆமென் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நாலு பேர் முன்னால் வாய் வராது என்பாள். எங்கள் வீட்டில் இரண்டே பேர்தான், இருந்தும் வராது.

மனுஷன் நிலாவில் இறங்கின வருஷம், வெயில் காலத்தில் என் தொண்டைக்கு முன்னால் ஒரு வீக்கம் தெரிந்தது. முதலில் எலுமிச்சை அளவு. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுச் சமாளித்தேன். அப்புறம் காலருக்குள் அடங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. ஏற்கெனவே எனக்கு மூச்சிழுப்பு உண்டு, அதனால்தான் என்று நினைத்துக் கஷாயம் குடித்தேன். ஒருநாள் தாமல் ஏரிக்கரை திருப்பத்தில் "எறங்கு, எறங்கு" என்று கத்திக்கொண்டிருந்தபோது மூச்சு அடைத்து, அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வண்டியைத் திருப்பி நேரே ஊரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பிரயாணிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிய ஒரு டாக்டர், என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டு, "ஈ சொல்லு" என்றார். நாக்கு அவர் கையில் இருக்கும்போது நான் எப்படி ஈ சொல்வது? எப்படியோ சொன்னேன். உள்ளே குரல் எழுப்பும் இரண்டு மடிப்புகள் உண்டாம், அவை ஒழுங்காகத் திறந்து மூடுகின்றனவா என்று பார்க்கிறாராம். "நல்லா இருக்குதுப்பா. இப்போதைக்கு" என்றார். அந்த 'இப்போதைக்கு' எனக்குப் பிடிக்கவில்லை.

அறுக்கப்போகிற டாக்டர் பெயர் தேவராஜன். நெற்றியில் மெல்லிய திருமண் கோடு, பேச்சில் நல்ல நகைச்சுவை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொண்டைக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு சுரப்பி இருக்கிறதாம், தைராய்டு என்று பெயர். என்னுடையது வீங்கி மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. அறுத்து எடுக்காவிட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

"எடுத்துடுங்க சார்" என்றேன்.

"எடுத்துடலாம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அந்தச் சுரப்பிக்குப் பின்னாலயே ஒரு நரம்பு போவுது. குரலுக்கு உண்டான நரம்பு. சேலையிலிருந்து ஒத்தை இழையை உருவினா எப்படி இருக்கும், அவ்ளோதான் தடிமன். அதுல கத்தி பட்டா, இடுக்கி அழுத்தினா, உன் குரல் போயிடும். காத்துதான் வரும்."

குரல் இல்லாத கண்டக்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அது இருக்கட்டும். குரல் இல்லாமல் நான் யார்?

டாக்டர் என் தோளைத் தட்டினார். "உன் இழுப்புக்கு முழு மயக்கம் தர முடியாது. கழுத்து மட்டும் மரத்துப்போற ஊசி போட்டுத்தான் பண்ணப் போறேன். ஒரு விதத்துல அது நல்லதுதான். நீ முழிச்சிக்கினு இருப்ப. பேசிக்கினே இருக்கணும். உன் குரல் மாறுச்சின்னா நரம்பு பக்கத்துல வந்துட்டேன்னு எனக்குத் தெரியும், கையை எடுத்துடுவேன். நீ பேசறதுதான் எனக்கு விளக்கு."

"இன்னா சார் பேசறது?"

"எதை வேணாப் பேசு. சினிமாக் கதை சொல்லு."

"சினிமா பாக்கற வழக்கம் இல்ல சார்."

"அப்போ ஜெபம் பண்ணு. நீ ஆரம்பிச்சா முடிக்க மாட்டியாமே, உன்னைப் பாக்க வர்ற சபைக்காரங்க சொல்றாங்க. எனக்கு எவ்வளவு நீளமானாலும் சரி."

என் வாழ்நாளில் நீளமாக ஜெபிக்கச் சொல்லி என்னைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். சந்தோஷத்தில் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. ஏனென்றால், அந்த வார்டில் படுத்த நாளிலிருந்து எனக்கு ஜெபமே வரவில்லை.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எத்தனையோ பேர் கட்டிலருகே நின்று கடகடவென்று ஜெபித்தவன், என் கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணை மூடினால் "ஆண்டவரே, என் குரல்" என்பதற்குமேல் நகரவில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து நின்றேன். பயம் என்னை என் கழுத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. மேஜையில் படுத்து வாயடைத்துப் போனால் டாக்டர் எதை நம்பி அறுப்பார்?

பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்காக வந்திருந்த ஒரு ரெட்டியார். எந்நேரமும் காதில் டிரான்சிஸ்டர். "நிலாவுல எறங்கினவனே பத்திரமா திரும்பி வந்துட்டான், கண்டக்டரே. நீங்க இந்தா இருக்கற ரூமுக்குப் போயிட்டு வர்றதுக்கா இந்த பயம்?" என்பார். சிரிப்பு வரும். ஆனால் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது.

சாரா தினமும் சாயங்காலம் தூக்குவாளியில் கஞ்சியும், எனக்குப் பிடித்த துவையலை நன்றாக மைய அரைத்தும் கொண்டு வருவாள். விழுங்கச் சிரமம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளே கண்டுகொண்டாள். என் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிடுவாள். ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"சாரா, எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. நீ பண்ணேன்."

அவள் தலையைக் குனிந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "எனக்கு வராதுங்க" என்றாள். "வேணும்னா இப்படியே உக்காந்துக்கினு இருக்கட்டா?"

இரு என்றேன். மணி அடித்து வாட்ச்மேன் விரட்டும் வரைக்கும் இருந்தாள்.

ஆபரேஷன் நாள் வந்தது. சபையில் அன்றைக்கு உபவாச ஜெபம் என்று போதகர் ஐயா அறிவித்துவிட்டார். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு: ஒருவருக்கு ஆபரேஷன் என்றால், அவர் பிழைத்து வெளியே வந்தார் என்ற செய்தி வரும்வரை ஜெபிக்கிறவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பிரியாணி ஆறுகிறதென்று கேலி செய்த அதே இளவட்டங்கள்தான் முதல் வரிசையில் பாயைப் போட்டு முழங்காலில் நின்றார்களாம். சாரா அங்கே போகவில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே என்னைப் படுக்க வைத்துத் தோளுக்கடியில் ஒரு தலையணை செருகி, தலையைப் பின்னால் சாய்த்தார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டினார்கள். தலைமாட்டில் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் நின்றார். எங்கள் சபை இல்லை, ஆனால் ஜெபம் தெரிந்தவர். முதல் இரண்டு ஊசிகள் சுரீரென்றன. அப்புறம் கழுத்து இருக்கிற இடமே தெரியவில்லை. யாரோ அங்கே எதையோ இழுப்பது மட்டும் தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல சார். இழுக்கறமாதிரி இருக்குது."

"சரி, ஆரம்பி."

கண்ணை மூடினேன். ஒன்றுமில்லை. இருட்டு. "என் குரல், என் குரல்" என்று உள்ளே அடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல், ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனையை நடத்துவது போலவே தொடங்கினேன். "எங்கள் அன்புள்ள பரம பிதாவே." அந்த வார்த்தைகள் பல வருஷம் வாயில் ஊறினவை, தாமாகவே வந்தன. துதி வந்தது. நன்றி வந்தது. பாவ அறிக்கை வந்தது. எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "இப்பொழுதும் ஆண்டவரே, உம்முடைய சமுகத்தில் சற்று நேரம் மௌனமாய்க் காத்திருக்கிறோம்" என்றேன்.

சபையில் அந்த இடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவரவர் மனசுக்குள் ஜெபிப்போம். பழக்கம் என்னை விடுமா? வாயை மூடிக்கொண்டேன்.

இடுக்கிகளின் சத்தம் நின்றது.

"ஞானமுத்து." டாக்டர் குரல். "ஞானமுத்து! பேசு!"

மௌன ஜெபத்தின் நடுவில் பேசுவது எப்பேர்ப்பட்ட மரியாதைக் குறைவு! துணிக்கு அடியிலிருந்து ஒரு விரலைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினேன். கை கட்டியிருந்ததால் அது அவருக்கு என் விரல் துடிப்பதுபோல் தெரிந்ததாம்.

"ஐயோ, பேச்சு நின்னு போச்சே! இடுக்கியை எடு, எல்லாத்தையும் எடு! யோவ் ஞானமுத்து!"

ஸ்டெல்லா சிஸ்டர் என் முகத்தைக் குனிந்து பார்த்தார். "டாக்டர், பயப்படாதீங்க. இது மௌன ஜெபம்!"

"மௌனமா?" டாக்டர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. "நான் பேசச் சொன்னா நீ மௌனமா ஜெபிக்கிறியா? எனக்கு நெஞ்சே நின்னுடுச்சிய்யா! இன்னிக்கு உன் சாமிகிட்ட சத்தமாத்தான் பேசணும். புரியுதா?"

"புரியுது சார்" என்றேன். என் குரல் கணீரென்று இருந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதே, கழுத்து ஆடுது" என்று அதற்கும் ஒரு திட்டு.

மறுபடி ஆரம்பித்தேன். ஆளுகிறவர்கள், அநாதைகள், விதவைகள், கப்பல்காரர்கள் எல்லோரும் முடிந்தார்கள். ஆமென் என்றேன்.

"ஆமென்னா?"

"முடிஞ்சுதுன்னு அர்த்தம் சார்."

"எனக்கு இன்னும் முடியல. பாதிகூட ஆவல. இன்னொண்ணு ஆரம்பி."

என்னிடம் இன்னொன்று இல்லை! இத்தனை வருஷமாக நீளம் நீளம் என்று பெயர் வாங்கிய ஜெபம், ஒரு சுரப்பியை எடுத்து முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. பேச்சை நிறுத்தவும் கூடாது. என் வாய்க்கு ஜெபத்தை விட்டால் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "செவிலிமேடு!" என்றேன்.

சொன்ன உடனே எதிரே அந்த ஸ்டாப் தெரிந்தது. தயிர்ப் பானையோடு ஏறுகிற அம்மா. பானையை என் காலடியில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். "ஆண்டவரே, அந்தத் தயிர்க்காரம்மா முட்டிவலியை நீக்கும். நாளைக்கு வேற கண்டக்டர் வந்து, பானையை வெளியே வை என்று சொல்லாமல் காத்துக்கொள்ளும்."

வார்த்தை வந்துவிட்டது! தேடாமலே வந்துவிட்டது! அடுத்த ஸ்டாப்புக்குப் போனேன். ரங்கசாமி குளம். அங்கே துளசிக் கூடையோடு ஒரு அர்ச்சகர் ஏறுவார், என்னோடு தினமும் ஏதாவது வம்பு பேசாமல் இறங்கமாட்டார். மகளுக்கு வரன் அமையவில்லை என்று போன வாரம்தான் வாய்விட்டுச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் கேட்டேன். பெருமாள் கோயில் அர்ச்சகர் மகளுக்காக இயேசுவிடம் வரன் கேட்டது நானாகத்தான் இருப்பேன். பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற தறிக்காரர் ஒருவருடைய பிள்ளை கோபித்துக்கொண்டு பம்பாய்க்குப் போனவன், அவன் ஒரு கடிதமாவது போடட்டும் என்று கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை முகங்கள்! எத்தனை வருஷமாகச் சீட்டுக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளாவது இவர்கள் பெயரை ஜெபத்தில் எடுத்திருக்கிறேனா? அன்றைக்கு ஒவ்வொருவரும் ஏறினார்கள். பஸ் நிரம்பிக்கொண்டே வந்தது.

"ஒலிமுகமது..." என்றேன். குரல் உடைந்தது. கடைசி எழுத்துகள் வெறும் காற்றாகப் போயின.

"கையை எடு!" என்றார் டாக்டர். அப்புறம் என்னிடம், "இன்னொரு தரம் சொல்லு."

"ஒலி..." வாத்து கத்துகிற மாதிரி இருந்தது.

"இந்த இடுக்கியைத் தளர்த்து. மெதுவா. இன்னும். இப்போ சொல்லு."

"ஒலிமுகமதுபேட்டை!"

மணி அடித்த மாதிரி வந்தது. "அங்கதான் இருக்குது நரம்பு, பார்த்துட்டேன்" என்றார் டாக்டர். அவர் குரலில் நடுக்கமும் சந்தோஷமும் சேர்ந்தே இருந்தன. "சபாஷ். விடாதே, போய்க்கினே இரு. யாரு ஏறுறா அந்த ஸ்டாப்ல?"

கண் தெரியாத ஒரு பாய் அங்கே ஏறுவார், என் சத்தத்தை வைத்துத்தான் எந்த பஸ் என்று தெரிந்துகொள்வார். அவருக்காகக் கேட்டேன். அப்புறம்தான் தாமல். கடைசி ஸ்டாப். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்களே, அது இந்த இடம்தான். "தாமல்! தாமல்!" என்று என் பலமெல்லாம் சேர்த்துக் கூவினேன். ஏரி நிரம்பட்டும், அதை நம்பி நாற்று விட்டவர்கள் வயல் காயாமல் இருக்கட்டும் என்று கேட்டேன்.

அப்போது தையல் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் தணிந்த குரலில் கேட்டார். "உன் பஸ் பிள்ளையார்பாளையம் பக்கம் வராதா?"

"வராது சார். நம்ப ரூட் இல்ல."

"இன்னிக்கு ஒரு தரம் திருப்பேன். எங்கம்மா அங்க படுத்த படுக்கையா இருக்குறாங்க. நான் டாக்டரு, என்னால ஒண்ணும் பண்ண முடியல."

திருப்பினேன். அந்த அம்மாவுக்கு வலியில்லாத தூக்கத்தைக் கேட்டேன், அவர் மகன் கைக்குப் பலத்தைக் கேட்டேன். டாக்டர் கை நிற்கவில்லை. ஆனால் நான் ஆமென் சொன்னபோது ஸ்டெல்லா சிஸ்டரோடு இன்னொரு குரலும் ஆமென் சொன்னது. யாருடையது என்று நான் எழுதப் போவதில்லை.

"குரல் பத்திரமா இருக்குது, ஞானமுத்து" என்றார் அவர். "ஆனா தையல் பிரிக்கிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஜெபமும்தான்."

சக்கரக் கட்டிலில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரோ சபைக்கு ஓடினார்கள், அவர்கள் சாப்பிட வேண்டுமே. சாரா கட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"எல்லாம் கேட்டுச்சிங்க" என்றாள். "தயிர்க்காரம்மா, ஐயரு, பாய், டாக்டரோட அம்மா. ஊர்ல ஒருத்தரை விடல நீங்க. உங்க குரலுக்குன்னு மட்டும் ஒரு வார்த்தை கேக்கலியே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். மறந்தே போனேன். வேறு எதையுமே கேட்க முடியாமல் அந்த ஒன்றிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தவன், அதைக் கேட்காமலே ஆமென் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் உதட்டின்மேல் கையை வைத்து மூடினாள்.

"பேசாதீங்க. நடுவுல உங்க சத்தம் நின்னுபோச்சில்ல, அப்போ நான் எழுந்து நின்னு உங்க குரலை ஆண்டவர்கிட்டக் கேட்டுட்டேன். வராந்தாவே திரும்பிப் பாக்கற மாதிரி, சத்தமா."